வேண்டாம் என்று சொல்லிவைத்த மாதப்படி

என் கணவர் ஹூஷங் நல்ல மனுஷர். ஈரானின் அராக் நகரில் எங்கள் வட்டாரத்தில் அவர் சுடுகிற பர்பரி ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். குறை ஒன்றே ஒன்றுதான், வாய். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் போதும், அந்த வாய் பாட்டுக்கு எல்லாவற்றையும் தானம் செய்ய ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒருவர் எங்கள் கம்பளத்தைப் பார்த்து "அழகா இருக்கே" என்றார். "உங்களோடதுதான், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் இவர். வந்தவர் நாகரிகம் தெரிந்தவர், மூன்று முறை மறுத்துவிட்டுப் போனார். இல்லாவிட்டால் நாங்கள் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருப்போம்.

இதற்கு எங்கள் ஊரில் தாரோஃப் என்று பெயர். கொடுக்கிறேன் என்பவன் கொடுக்கப்போவதில்லை, வேண்டாம் என்பவன் வேண்டாதவனும் இல்லை. டாக்சிக்காரர் கூட "உங்ககிட்டப் போய் காசு வாங்குறதா" என்பார். நம்பி இறங்கிப் போய்விட்டால் தெருமுனை வரை திட்டு கேட்கும். இதெல்லாம் எங்களுக்குப் பால்குடி மாறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் இந்த உபசாரத்தை அரசாங்கத்திடமே காட்டி மாட்டிக்கொண்டது நாங்களாகத்தான் இருப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெட்ரோல், காஸ், கோதுமை மாவு எல்லாவற்றின் விலையையும் ஏற்றிவிட்டு, அதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு தோமான் வங்கியில் போட ஆரம்பித்தார்கள். பணக்காரன், ஏழை, நேற்றுப் பிறந்த குழந்தை, எல்லோருக்கும் ஒரே தொகை. குடும்பத் தலைவர் பெயரில்தான் விழும். எங்கள் வீட்டில் நாலு பேர்: நாங்கள் இருவர், மகள் பெகா, ராணுவச் சேவையில் இருக்கும் மகன். முதல் மாதப் பணம் விழுந்ததும் ஹூஷங் வங்கி அட்டையை என்னிடம் தூக்கிப் போட்டார்.

"வெச்சுக்க பெஹ்ஜத். ஊறுகாய்ச் செலவுக்கு ஆகும்."

ஊறுகாயாம்! அந்தப் பணத்தைச் சேர்த்து முன்பணம் கட்டி, தவணையில் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கினேன். கோடை வந்தால் பள்ளிக்கூடச் சீருடை தைக்கக் கொடுப்பார்கள், அப்போது கையில் காசு புரளும். மற்ற மாதங்களில் தவணை, நூல், ஊசி, பெகாவுக்கு ஒரு செருப்பு, எனக்கு ஒரு வாசனைத் தைலம், எல்லாம் அந்த அட்டையிலிருந்துதான். ஹூஷங் கஞ்சர் இல்லை, கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்க வேண்டுமே! இருபத்து நாலு வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகிய நாக்குக்கு மூன்று வருஷம் ஓய்வு கிடைத்தது. அதன் ருசி கண்டவளுக்குத்தான் தெரியும்.

இந்த வசந்தத்தில் புது அறிவிப்பு வந்தது. மாதப்படி வேண்டும் என்பவர்கள் மறுபடியும் இணையத்தில் பதிய வேண்டும். வசதி உள்ளவர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டால் நாட்டுக்கு நல்லது. காலையில் டி.வி.யைப் போட்டால் கெஞ்சல், மாலையில் போட்டாலும் கெஞ்சல்.

அந்த வாரம் பார்த்துத்தான் பெகாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பையன் சியாமக், தங்கமான பிள்ளை. அப்பா ஸராபி தனியார் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்துகிறார். தேய்த்த கோட்டு, வெள்ளி விளிம்புக் கண்ணாடி. அம்மா மெஹ்ரங்கீஸ் வாய் திறக்காமல் வெள்ளரிக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள், காகிதம் போல் மெலிசாக. அவள் கைப்பையின் பளபளப்பைப் பார்த்து, ஐயோ, இவர்கள் வசதிக்கு நாம் எட்டுவோமா என்று நினைத்துக்கொண்டேன்.

டீ வந்தது. பெகா தலை குனிந்து தட்டை நீட்டிவிட்டு உள்ளே போனாள். சும்மா இருந்த சங்கை ஹூஷங் ஊதினார்.

"நீங்க படிச்சவரு, சொல்லுங்க. இந்த மாதப்படி நிக்குமா, நிக்காதா?"

ஸராபிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிக்காதுங்க. கணக்கு ரொம்ப எளிசு. அன்னிக்கும் நாப்பத்தஞ்சாயிரத்து ஐந்நூறு, இன்னிக்கும் நாப்பத்தஞ்சாயிரத்து ஐந்நூறு. அன்னிக்கு அதுல கோழி வாங்கினா பை நிறைஞ்சுது. இப்ப பாதிப் பை. பெட்ரோல் விலைய ஏத்தினதுல வர்ற காசு, போடற காசுக்குப் பத்தல. பத்தாததுக்கு நோட்டு அடிக்கணும். நோட்டு அடிச்சா விலை ஏறும். விலை ஏறினா படி இன்னும் பத்தாது."

"அப்படிச் சொல்லுங்க!" ஹூஷங் தொடையில் தட்டினார். "விருந்தாளி கூடக் கூட கறிச்சாறுல தண்ணிய ஊத்தற கதை. கடைசில கறியும் இல்ல, சாறும் இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அம்மா வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்து என்ன பயன்?

"நான் ஒண்ணு கேக்கறேன் ஸராபி ஐயா. எனக்கு வந்த படியில நான் மெஷின் வாங்கினேன். அதுல தைக்கறேன். துணிக்கடைக்காரன் பிழைக்கறான், பட்டன் விக்கறவன் பிழைக்கறான். அவங்க எல்லாம் வந்து இவருகிட்ட ரொட்டி வாங்கறாங்க. போட்ட காசு சுத்திச் சுத்தி வருதே, அது நிக்கறதுதானே?"

ஸராபி மரியாதையாகத் தலையசைத்தார். "உங்க மெஷின் நிக்கும்மா. சந்தேகமே இல்ல. ஆனா எத்தனை வீட்ல மெஷின் வாங்கினாங்க? கஜானா நிக்கணுமே."

"காசு வராத வீட்ல மெஷினும் வராதே!"

"அதுவும் நியாயம்தான்," என்றார் மனுஷர், மறுக்காமல். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "எனக்குத் தெரிஞ்சு ஒரே வழிதான். நம்மள மாதிரி இருக்கறவங்க ஒதுங்கிக்கணும். அப்ப இல்லாதவங்களுக்காவது கொஞ்ச காலம் நிக்கும்."

நம்மள மாதிரி. அந்த வார்த்தை போதும், ஹூஷங்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரரைப் பேராசிரியர் தன்னோடு சேர்த்துப் பேசினால் சும்மாவா?

"அதை ஏன் கேக்கறீங்க!" என்று நெஞ்சில் கை வைத்தார். "ஏழை பாழைங்க பங்குல நாம கை வைக்கறதா? நாங்க வேண்டாம்னு சொல்லியாச்சே!"

கையில் இருந்த சர்க்கரைக் கட்டியைக் கடித்தேன். பல் வலித்தது.

ஸராபி ஒரு நொடி விழித்தார். பிறகு அவரும் நெஞ்சில் கை வைத்தார். "நாங்களும்தான், நாங்களும்தான். அந்தக் காசைக் கையால தொடுவோமா?"

மெஹ்ரங்கீஸின் கத்தி வெள்ளரிக்காயில் நின்றுபோனது. எனக்கு என்னவோ அவளுக்குக் கை நழுவிவிட்டது என்றுதான் தோன்றியது.

அவர்கள் படி இறங்கியதும் நான் ஆரம்பித்தேன்.

"அட மனுஷா, யாரு வீட்டுப் பணத்தை யாரு வேண்டாங்கறது? அட்டை என் பையில இருக்கு. வாய் உங்களுது, காசு என்னுது!"

"சும்மா உபசாரத்துக்குச் சொன்னேன் பெஹ்ஜத். கோவிச்சுக்காத. பதிஞ்சுட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப்போவுது?"

"இங்க பக்கத்துக் கடைல போய்ப் பதிஞ்சா சாயங்காலத்துக்குள்ள அராக் முழுக்கத் தெரியும்."

"அப்ப ரயில் ஸ்டேஷன் பக்கம் போவோம். அங்க நம்மள யாரு கண்டா?"

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, எங்கள் அடையாள எண்ணுக்கு ஒதுக்கிய கடைசி நாள் வந்துவிட்டது. மாலை ஆறு மணி வரைதான் கெடு. நாலு மணிக்கு ரயில் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தோம். ஹூஷங்கின் புருவத்தில் மாவு கூடப் போகவில்லை. கடைக்காரர் நாதர், வழுக்கைத் தலை, தூக்கம் கெட்ட கண்கள். நாலு கம்ப்யூட்டர், அதில் மூன்றுக்கு லைன் செத்துவிட்டது. சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர். பக்கத்தில் பளபளக்கும் கைப்பை.

மெஹ்ரங்கீஸும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் காது சிவந்தது.

"அடடே, ஸராபி ஐயா!" என்றார் ஹூஷங், தொண்டையில் ரொட்டி அடைத்தவர் குரலில். "எங்க இந்தப் பக்கம்?"

"ஒரு... ஜெராக்ஸ் எடுக்கணும். நீங்க?"

"நாங்களும் ஜெராக்ஸ்தான்."

ஜெராக்ஸ் மெஷின் மேல் 'பழுது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நாலு பேரும் அதைப் பார்த்தோம். நாலு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

பக்கத்தில் உட்கார்ந்தோம். வானிலை பற்றிப் பேசினோம். முதலில் வெயில், அப்புறம் மழை.

"மாதப்படிப் பதிவுக்கு அடுத்து யாரு?" என்று நாதர் கத்தினார்.

ஹூஷங் ஸராபியைப் பார்த்தார், ஸராபி உத்தரத்தைப் பார்த்தார். அதற்குள் ஒரு லாரி டிரைவர் வந்தார். "நீங்க போங்க, நீங்க போங்க, எங்களுக்கு அவசரமில்ல," என்று இரண்டு ஆண்களும் எழுந்து அவருக்கு வழிவிட்டார்கள். பிறகு இரண்டு பெண்கள். அவர்களுக்கும் "தயவுசெஞ்சு, நீங்க முதல்ல". பிறகு கைத்தடியோடு ஒருவர், மகள் கூடவே. ஒவ்வொருவருக்கும் இருபது நிமிஷம். திரையில் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நின்றால்தானே! மணி ஐந்து இருபது. கடையில் எங்கள் நாலு பேரைத் தவிர யாரும் இல்லை. இனி வழிவிடவும் ஆள் கிடையாது.

"அந்த ஜெராக்ஸ் இன்னிக்கு ஓடாது," என்றார் நாதர். "பதிவு இருந்தா வாங்க. இல்லாட்டி வீட்டுக்குப் போங்க. நானும் மனுஷன்தானே?"

"ஸராபி ஐயா, உங்களுக்கு ஏதாவது வேலை இருந்தா..." என்று ஹூஷங் இழுத்தார்.

"ஐயையோ, நீங்க இருக்கறப்ப நானா? நீங்க போங்க."

"உங்களுக்கு முன்னாடி நான் போனா என் கால் ஒடிஞ்சிடும்."

"சத்தியமா நீங்கதான்."

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போகத்தான் நாளாகும். கடிகாரம் ஐந்து இருபத்தாறு. இவர்கள் உபசாரத்தில் என் பணம் அடித்துக்கொண்டு போகிறது. வெட்கத்தைப் பார்த்தால் நாளைக்கு யாரிடம் போய் நிற்பது? எழுந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுதிக்குங்க. ஹூஷங் தவக்கோலி, நாலு பேரு. எங்களுக்கு மாதப்படி வேணும்." திரும்பி ஸராபியைப் பார்த்தேன். "ஆமாய்யா, வேணும். அன்னிக்கு இவரு சொன்னது பொய்யி. எனக்கு அந்தக் காசு வேணும். இவருக்கு இல்ல, எனக்கு. இதுக்காகப் பெகாவ வேண்டாம்னு சொன்னாச் சொல்லுங்க."

ஹூஷங் பெஞ்சோடு பெஞ்சாகச் சுருங்கிவிட்டார். நாதர் தட்ட ஆரம்பித்தார். அடையாள எண், வீடு சொந்தமா வாடகையா, வண்டி உண்டா. வட்டம் சுற்றியது.

என் தோள் மேல் ஒரு கை விழுந்தது. மெஹ்ரங்கீஸ் குனிந்து காதருகே பேசினாள். அவள் இத்தனை வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன்.

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் பெஹ்ஜத் ஜான். எனக்கு அந்தத் தைரியம் இல்ல. அவரு காலேஜ்ல ஏழு மாசமாச் சம்பளம் போடல. பிள்ளைங்க மூணு, நாங்க ரெண்டு. வாடகை தவிர மத்த எல்லாம் இந்தப் படிலதான் ஓடுது. வாடகைக்கு என் வளையல் போச்சு. இந்தக் கைப்பை என் தங்கச்சியோடது, அன்னிக்குப் பொண்ணு பாக்க வர்றதுக்கு இரவல் வாங்கினேன். இன்னும் திருப்பித் தரல."

நான் திரும்பிப் பார்த்தேன். ஸராபி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். கஜானா பற்றி அவ்வளவு பேசினவர்.

"நாதர் ஐயா, இது முடிஞ்சு இன்னொண்ணு முடியுமா?"

"மணி அஞ்சு முப்பத்தெட்டு. ரெண்டுக்கு நேரம் இல்ல, ஒண்ணுதான். இல்ல, இதை அழிச்சிட்டு வேற போடணும்னாலும் இப்பவே சொல்லுங்க."

பாவி மனுஷன், எதற்கு அதைச் சொன்னார்? சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். சத்தியமாக உட்கார்ந்திருப்பேன். என் மெஷினை நினைத்தேன், அட்டையை நினைத்தேன். எங்களுக்கு ரொட்டிக்கடை இருக்கிறது, தினமும் ரொட்டி விற்கும். நான்தான் பழையபடி கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எழுந்து மெஹ்ரங்கீஸின் மணிக்கட்டைப் பிடித்தேன். உபசாரம் ஒன்றும் பேசவில்லை. அவளை நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தேன்.

"ஒரு கண்டிஷன்," என்று காதில் சொன்னேன். "பணம் விழற அட்டை உங்க கையில இருக்கணும். அவரு கையில இல்ல. சத்தியம் பண்ணுங்க."

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

"அழிச்சிட்டு இவங்களப் போடுங்க," என்றேன் நாதரிடம்.

"பெஹ்ஜத்!" என்று ஹூஷங் எழுந்தார். "சும்மா உக்காருங்க," என்றேன். உட்கார்ந்தார்.

ஸராபி வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாதர் தட்டினார். பெயர், எண், வாடகை வீடு, வண்டி இல்லை. கடைசியில் கை நின்றது.

"ஐயா, மாச வருமானம் எவ்வளவு போட?"

ஸராபி கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். நாடு மொத்தத்தின் வரவு செலவை டீ ஆறுவதற்குள் சொன்னவருக்கு இந்த ஒரு எண் வரவில்லை.

"பூஜ்யம்," என்றார் கடைசியில். "பூஜ்யம்னு போடுங்க."

"இது பொய் இல்லையே? பின்னால விசாரிப்பாங்க."

"இல்லீங்க. இது மட்டும் பொய் இல்ல."

ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வட்டம் நின்றது. பச்சை எழுத்தில் பதிவு எண் வந்தது. ஸராபி அதைச் சட்டைப்பையில் இருந்த ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். என் பக்கம் வந்தார், முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு இல்லம்மா. இது நிக்காது. கணக்கு அதேதான்." ரசீதை மடித்துப் பையில் வைத்தார். "எங்களுக்குச் சம்பளம் வர்ற வரைக்கும் நின்னாப் போதும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹூஷங் பேசவில்லை. அது ஒரு அதிசயம். மறுவாரம் கடையில் ஆட்கள் அவர் கையைக் குலுக்கினார்களாம்: "தானா வேண்டாம்னு விட்டுக்குடுத்தீங்களாமே, பெரிய மனசு!" இவரும் நெஞ்சில் கை வைத்து, "நம்ம கடமை" என்றாராம். நான் விட்டுக்கொடுக்கவில்லை, கெடுவைத் தவறவிட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று என்னையும் புகழ்ந்தார்கள். என் நாலு பங்கை மிச்சப்படுத்தியதால் கஜானா நிமிர்ந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அடுத்த மாதமே கோழி விலை ஏறியது.

பெகாவுக்கும் சியாமக்குக்கும் நிச்சயம் ஆயிற்று. ஒரு நாள் மதியம் மெஹ்ரங்கீஸ் என் தையல் அறைக்கு வந்தாள். கையில் சாதாரணத் துணிப் பை. அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஓவர்லாக் மெஷின் மேல் வைத்தாள். ஷாஹ்ரூதுக்குப் பஸ் டிக்கெட்.

"எங்க அக்கா அங்கதான் இருக்கா. பாத்து அஞ்சு வருஷமாச்சு. ஒவ்வொரு தடவையும் அவரு அடுத்த மாசம், அடுத்த மாசம்னுவாரு. நேத்து அட்டைய எடுத்துக்கிட்டு நானே போய் வாங்கிட்டேன். வந்து சொன்னேன், 'நாளன்னிக்கு நான் ஊருக்குப் போறேன்'னு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "அவரு என்ன சொல்றதுன்னு தெரியாம டீ போட்டுக் குடுத்தாரு!"

நானும் சிரித்தேன். கட்டிப்பிடித்தேன். நிஜமாகவே மனசு நிறைந்தது. வயிறும் எரிந்தது, அதையும் மறைப்பானேன்?

அன்று சாயங்காலம் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. ஹூஷங் கடையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்காரும் வரை காத்திருந்தேன்.

"ஏழாயிரம் தோமான் குடுங்க," என்றேன்.

உடனே பையில் கை விட்டார். நல்ல மனுஷர், எண்ணிக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டினார்.

"எதுக்கு?" என்றார், சும்மா, பேச்சுக்கு.

"நூலுக்கு," என்றேன்.